தராசுக் கொட்டகையிலிருந்து தொடங்குங்கள்: போக்குவரத்து நிறுவனத்தின் மெய்நிகர் மேசைகளை மேகத்துக்கு மாற்றும் வழிமுறை

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலையோரத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் நின்றால், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலைகளை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தராசுச் சீட்டு, ஒரு டி.ஓ. (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு), ஓட்டுநருக்கு ஒரு நடைக்கூலிக் கணக்கு, மாத முடிவில் ஒரு விலைப்பட்டியல் என நான்கைந்து பதிவுகள் உண்டு. அவை அனைத்தும் ஏதாவது ஒரு கிராணியின் (எழுத்தரின்) கணினித் திரையில்தான் பிறக்கின்றன. அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருந்த சர்வர்களை நிறுவனத்தின் சொந்த அறையிலிருந்து மேகத்துக்கு மாற்றும் வேலையில் நான் ஈடுபட்டிருந்தேன். கல்லூரியில் கணினி படித்துவிட்டு, இந்தப் பக்கத்துப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்து, முதல் வாரத்திலேயே இப்படியொரு வேலை தலையில் விழுந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

மெய்நிகர் மேசை என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. கிராணியின் மேசைமேல் இருப்பது திரை, விசைப்பலகை, சிறு பெட்டி ஆகிய மூன்று மட்டுமே. விண்டோஸும் கணக்கு மென்பொருளும் கோப்புகளும் வேறோர் இடத்திலுள்ள சர்வரில் ஓடுகின்றன. விசையை அழுத்தினால் அந்த அழுத்தம் அங்கே போகிறது. திரையின் காட்சி இங்கே வருகிறது. இதுவரை அந்த 'வேறோர் இடம்' தலைமை அலுவலகத்தின் குளிரூட்டிய அறையாக இருந்தது. இனி அது மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்களின் தரவு மையமாக இருக்கப்போகிறது. மேகம் என்பது அதைத்தான். வேலை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே நடக்கிறது.

எதற்காக மாற்றுகிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

மேலாளர் கூட்டத்தில் 'எல்லாரும் மேகத்துக்குப் போகிறார்கள்' என்பது காரணமாகாது. உண்மையான காரணங்கள் பெரும்பாலும் மூன்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய மெய்நிகர் மேசைகள் பல அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது, மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கிய பிறகு நிரந்தர உரிமம் விற்பது நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தா முறைக்கு மாறியது. விஎம்வேரில் மெய்நிகர் மேசைக்கென இருந்த ஹொரைசன் பிரிவோ 2024இல் கைமாறி, ஆம்னிஸா என்ற தனி நிறுவனமாயிற்று. உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் புதிய விலையைக் கண்டு திகைத்த நிறுவனங்கள் குறைவல்ல. மூன்றாவது, சர்வர் வன்பொருளின் வயது. இந்த மூன்றில் எது உங்களுடையது என்பது தெரிந்தால்தான், பின்னால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

ஒவ்வொரு மேசையும் எதோடு பேசுகிறது என்று கணக்கெடுங்கள்

இந்தப் படியை யாரும் உங்களுக்காகச் செய்துதர மாட்டார்கள். மென்பொருள் கருவிகள் செயலிகளின் பட்டியலைத் தரும். நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று சொல்லும். ஆனால் அந்தக் கணினியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் நிறக் கேபிள் சுவரிலுள்ள துளை வழியாக வெளியே போவதை எந்தக் கருவியும் சொல்லாது. அது லோரித் தராசுக்குப் போகிற கேபிள்.

ஆகவே ஒரு வாரம் அலுவலகத்தை விட்டு வெளியே போங்கள். ஒவ்வொரு டிப்போவிலும், ஒவ்வொரு தராசுக் கொட்டகையிலும், ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முகப்பிலும் குறைந்தது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கிராணி என்ன செய்கிறார் என்று கையால் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் செயலியைத் திறக்கிறார், எந்த பிரின்டரில் எத்தனை படிவம் அடிக்கிறார், எந்தக் கோப்பை எந்த டிரைவ் எழுத்தில் தேடுகிறார், ஸ்கேனர் உண்டா, கைரேகைக் கருவி உண்டா, இரண்டு திரை வைத்திருக்கிறாரா, இரவுப் பணிக்கு வருபவரும் அதே லாகினைத்தான் பயன்படுத்துகிறாரா என்பவை எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு சங்கடமான சிரிப்புதான் பதிலாக வரும். திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பாஸ்வேர்டும் இருக்கும். கடிந்துகொள்ளாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் ஆளுக்கு ஒன்று என்று கணக்கிடப்படும்போது இந்தத் தகவல் விலை பெறும்.

திரும்பி வந்ததும் மேசைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். உலாவி ஒன்றே போதும் என்பவர்கள் முதல் வகை: லோரி இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்ப்பவர், விடுப்பு விண்ணப்பம் நிரப்புபவர் போன்றோர். இவர்களுக்கு மெய்நிகர் மேசையே தேவையில்லை, சாதாரணக் கணினி போதும். ஒரே ஒரு பழைய செயலிக்காக மட்டும் சர்வரை நாடுபவர்கள் இரண்டாம் வகை. முழு மேசையைத் தராமல் அந்தச் செயலியின் சாளரத்தை மட்டும் அனுப்பும் வசதி இன்று பல சேவைகளில் இருக்கிறது. நாள் முழுவதும் ஐந்தாறு செயலிகளில் மாறிமாறி வேலை செய்யும் கணக்குப் பிரிவும் நடை ஒதுக்கும் பிரிவும் மூன்றாம் வகை; முழு மேசை இவர்களுக்கே. பழைய அமைப்பில் எல்லாருக்கும் முழு மேசை கொடுத்திருந்தோம் என்பதற்காக மேகத்திலும் அப்படியே கொடுத்தால், மாதா மாதம் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

தரவுத்தளத்தைப் பிரித்து வைக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. மேசைகளை மேகத்துக்கு அனுப்பிவிட்டு, தரவுத்தளத்தை மட்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தலைமை அலுவலகத்திலேயே விட்டுவிடுவார்கள். திரை நன்றாக வரும், சுட்டி வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் நடைப் பட்டியலைத் திறந்தால் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

காரணம் எளிய கணக்குதான். பழைய கணக்கு மென்பொருள் ஒரு பட்டியலைத் திறக்க 1,500 சிறு கேள்விகளைத் தரவுத்தளத்திடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறைக்குள் ஒரு கேள்வி போய்வர அரை மில்லி விநாடி என்றால் எல்லாம் சேர்ந்து ஒரு விநாடிகூட ஆகாது. மேசை மேகத்திலும் தரவுத்தளம் குளுவாங்கிலும் இருந்து, ஒரு கேள்வி போய்வர 12 மில்லி விநாடி எடுத்தால் அதே பட்டியல் திறக்க 18 விநாடி ஆகும். இணைய வேகத்தை 100லிருந்து 500 எம்.பி.பி.எஸ்.க்கு (விநாடிக்கு மெகாபிட்) உயர்த்தினாலும் இந்த 18 விநாடி குறையாது. இது குழாயின் அகலத்தால் வருவதன்று, தூரத்தால் வருவது. திரைக்கும் மனிதருக்கும் இடையே தூரம் இருக்கலாம், அதைக் கண்ணும் கையும் பொறுத்துக்கொள்ளும். மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே தூரம் இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்த்தே நகர்த்துங்கள். முடியாவிட்டால் அந்தச் செயலியைப் பயன்படுத்தும் பிரிவைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எந்த மண்டலம்?

மண்டலம் என்பது மேக நிறுவனத்தின் தரவு மையங்கள் இருக்கும் வட்டாரம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூர் என்பதே பதிலாக இருந்தது. இப்போது உள்நாட்டிலும் இடம் உண்டு. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசிய மண்டலத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்டின் 'மலேசியா வெஸ்ட்' 2025 மே மாதத்தில் வந்தது. தரை வழியில் பார்த்தால் குளுவாங்குக்குக் கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூரே கிட்ட. ஆனால் இணையப் பொதிகள் நெடுஞ்சாலைப் பலகையைப் பார்த்துப் போவதில்லை. உங்கள் டிப்போ ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மண்டலங்களுக்கும் காலை, மதியம், இரவு என ஒரு வாரம் பிங் (ஒரு செய்தி போய்வரும் நேரம்) அளந்து பாருங்கள். போய்வரும் நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. இந்த இரு மண்டலங்களுமே அதற்கு மிகவும் கீழேதான் இருக்கும். பார்க்க வேண்டியது சராசரியை அன்று, திடீரென்று எகிறும் உச்சத்தை. இன்னொன்றையும் பாருங்கள்: புதிய மண்டலத்தில் பழைய மண்டலத்திலுள்ள எல்லாச் சேவைகளும் எல்லாப் பொறி (மெய்நிகர் கணினி) வகைகளும் உடனே கிடைப்பதில்லை. உங்களுக்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று பட்டியலில் சரிபார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இங்கே வருகிறது. ஓட்டுநர்களின் அடையாள அட்டைப் பிரதி, ஜி.டி.எல். (சரக்கு வாகனம் ஓட்டும்) உரிமம், மருத்துவச் சான்று, சம்பளம் ஆகிய எல்லாம் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2024இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நடைமுறைக்கு வந்துள்ளது. எல்லை தாண்டித் தரவை அனுப்புவதற்கும் தனி விதிகள் உண்டு. சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தால் சட்டப் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

சேவையும் உரிமமும்

இதில் நான் அதிகம் பேசப்போவதில்லை, ஏனெனில் பெரும்பாலும் உங்கள் நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் உரிமமே இதை முடிவு செய்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365இன் பிசினஸ் பிரீமியம், ஈ3, ஈ5 போன்ற திட்டங்கள் இருந்தால், மைக்ரோசாஃப்டின் மேகமான அஷூரில் மெய்நிகர் மேசையைப் பயன்படுத்தும் உரிமை அதிலேயே அடக்கம். பொறி, வட்டு போன்றவற்றுக்கு மட்டும் கட்டணம். ஒரே விண்டோஸ் 11 பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் பதிப்பு அந்தச் சேவைக்கே உரியது, கிராணிகள் நிறைந்த நிறுவனத்துக்கு அதுவே சிக்கனம். ஆளுக்கொரு நிலையான மேசை, மாதத்துக்கு ஒரே கட்டணம் என்பதை விரும்பினால் விண்டோஸ் 365 அல்லது அமேசான் வொர்க்ஸ்பேசஸ். விண்டோஸ் சர்வர் பதிப்பைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை எடுத்தால் ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) அணுகல் உரிமம் தனியாக வேண்டும். இதை மறந்துவிட்டுத் தவணைக்காலம் முடிந்த மறுநாள் எல்லாரும் வெளியே நிற்பது நடக்கக்கூடியதே.

எத்தனை பொறிகள்?

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிட்டால் களம் காலியாகிவிடும். மெய்நிகர் மேசைகளும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே அத்தனை பேரும் லாகின் செய்வார்கள். ஒரு நாளின் கடுமையான சுமை அந்த ஒரு மணி நேரத்தில்தான். பொறிகளின் எண்ணிக்கையைச் சராசரிச் சுமைக்குப் போட்டால் பெரட்டு நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தொடக்கக் கணக்குக்கு மைக்ரோசாஃப்ட் தரும் அளவைக் கையாளலாம். தட்டச்சு மட்டும் செய்யும் இலேசான பயனர் என்றால் ஒரு மெய்நிகர் சி.பி.யு.வுக்கு 6 பேர். அலுவலகச் செயலிகளோடு வேலை செய்யும் நடுத்தரப் பயனர் என்றால் 4 பேர். கனமான பயனர் என்றால் 2 பேர். ஒரே நேரத்தில் வேலை செய்யும் நடுத்தரப் பயனர்கள் 120 பேர் என்றால் 30 மெய்நிகர் சி.பி.யு. தேவை; எட்டு சி.பி.யு. கொண்ட பொறிகளாக எடுத்தால் நான்கு, ஒன்று கெட்டால் தாங்க இன்னொன்று, ஆக ஐந்து. இது தொடக்கம்தான். கணக்குப் பிரிவினர் எக்செல்லில் திறக்கும் மாதாந்தரக் கோப்பைப் பார்த்த பிறகு அவர்களைக் கனமான பயனர் பட்டியலுக்கு மாற்றிவிடுவீர்கள்.

மூலப் பிரதியும் புரொஃபைலும்

ஒரு பொறியில் விண்டோஸ், செயலிகள், எழுத்துருக்கள், பிரின்டர் டிரைவர்கள் எல்லாவற்றையும் நிறுவி, அதையே அச்சாக வைத்து மற்ற பொறிகளை வார்க்க வேண்டும். இந்த மூலப் பிரதிக்கு நாளும் எண்ணும் சேர்த்துப் பெயர் வையுங்கள். பழையதை உடனே அழிக்காதீர்கள். பொறியின் தனி அடையாளங்களை நீக்கி அச்சாக்கும் பொதுமைப்படுத்தும் கட்டளையை ஓட்டுவதற்கு முந்திய நிலையை எப்போதும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள், அடுத்த மாதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பொறிக்குள் போய் அவசரத்துக்கு ஒரு திருத்தம் செய்வது தடை. ஒரு பொறியில் மட்டும் இருக்கும் திருத்தம், 'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்ற புகாராக ஒரு மாதம் உங்களைச் சுற்றிவரும்.

பயனரின் அமைப்புகள் (புரொஃபைல்) பொறியோடு ஒட்டாமல், தனியாக ஒரு கோப்பாக இருந்து, அவர் எந்தப் பொறியில் நுழைந்தாலும் பின்தொடர்ந்து வர வேண்டும். எஃப்.எஸ்.லாஜிக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. ஆளுக்கொரு மெய்நிகர் வட்டு, இயல்பான உச்ச அளவு ஏறத்தாழ 30 ஜி.பி. அந்த வட்டுக் கோப்புகளை வைரஸ் தடுப்பு மென்பொருள் துருவாதபடி விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் காலை லாகின் நிமிடக்கணக்கில் இழுக்கும். ஒரே லாகினை இரண்டு பேர் பகிர்ந்தால், முதலாமவர் உள்ளே இருக்கும்போது இரண்டாமவருக்கு அந்த வட்டு பூட்டப்பட்டிருக்கும். திரையோரத் தாளில் எழுதியிருந்த பாஸ்வேர்டு இங்கேதான் கணக்குக்கு வருகிறது.

பிரின்டர், தராசு, கடிகாரம்

டி.ஓ. இன்னும் நான்கு படிக் கார்பன் தாளில்தான் அடிக்கப்படுகிறது: ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று ஆலைக்கு, ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று நமக்கு. அதற்குப் புள்ளி அச்சு பிரின்டர் வேண்டும். லேசர் பிரின்டர் கார்பனை அழுத்தாது. மெய்நிகர் மேசைச் சேவைகள் எல்லா பிரின்டருக்கும் பொதுவான ஒரு டிரைவரைத் தாமே வைத்துக்கொள்ளும். அது பக்கத்தை ஒரு படமாக மாற்றி அனுப்பும். புள்ளி அச்சு பிரின்டர் எழுத்தை எழுத்தாக வாங்கினால் கடகடவென்று அடித்துத் தள்ளும். படமாக வாங்கினால் வரி வரியாக ஊசி போட்டுத் தைப்பதுபோல் நகரும். முன்பே அச்சிட்ட கட்டங்களில் எடை ஒரு வரி கீழே இறங்கி, 'கழிவு' என்ற கட்டத்தில் போய் உட்காரும். பொது டிரைவரை அந்த பிரின்டருக்கு மட்டும் தடுத்து, அதன் சொந்த டிரைவரை மூலப் பிரதியிலேயே நிறுவி, தாளின் அளவைக் கையால் வரையறுத்து வையுங்கள். எங்களுக்கு இந்த ஒரு பிரின்டர் சரியாக வர மூன்று நாள் பிடித்தது. மேகத்தில் வலையமைப்பை உருவாக்க ஒரு பிற்பகல்தான் ஆயிற்று.

தராசைப் பற்றி என் கருத்து உறுதியானது: அதை மேகத்துக்கு மாற்றாதீர்கள். தராசின் எடைகாட்டி பழைய சீரியல் கேபிள் வழியாக எண்களை அனுப்புகிறது. அந்த போர்ட்டை மெய்நிகர் மேசைக்குத் திருப்பிவிடவும் முடியும்தான். ஆனால் இணையம் பத்து நிமிடம் அறுந்தால் பத்து நிமிடமும் தராசில் லோரி நிற்கும், அதன் பின்னால் வரிசை நிற்கும். வெட்டிய குலையை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகையால் தராசுக் கொட்டகையில் ஒரு சாதாரணக் கணினி இருக்கட்டும்; எடையை அது உள்ளேயே பதிந்துகொண்டு, இணையம் இருக்கும்போது மேகத்திலுள்ள தரவுத்தளத்துக்கு அனுப்பட்டும்.

கடிகாரத்தை நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் அவமானத்தோடுதான். சோதனை ஓட்டத்தின் முதல் நாள் டிப்போவிலிருந்து கிராணி அக்கா கூப்பிட்டார்: "தம்பி, சீட்டுல மணி காலை ஏழு நாப்பதுன்னு அடிக்குது. இப்ப சாயங்காலம் மூணு நாப்பது. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு." மேகத்தில் உருவாக்கும் பொறிகள் இயல்பாக உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். சீட்டில் நேரம் தவறுவது கண்ணுக்குத் தெரிகிற தவறு. தெரியாத தவறு ஒன்று உண்டு: மாதத்தின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு முன் நடந்த நடைகள் அனைத்தும் முந்திய மாதத் தேதியில் பதிவாகிவிடும், விலைப்பட்டியலும் தவறான மாதத்தில் போகும். வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்தின் வழியே மின்விலைப்பட்டியல் அனுப்பிய பிறகு இதைக் கண்டுபிடித்தால், திருத்துவது சிறு வேலையன்று.

மூன்று இடங்களில் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். பயனரின் கணினியிலுள்ள நேர மண்டலத்தை மேசைக்குள் கொண்டுவரும் கொள்கையை இயக்குங்கள். கிராணியின் மேசைமேலுள்ள சிறு பெட்டியின் (தின் கிளையன்ட்) நேர மண்டலமே சரியா என்றும் பாருங்கள், தொழிற்சாலையிலிருந்து வரும் தின் கிளையன்ட் பெட்டிகள் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மூன்றாவது தரவுத்தளம். மென்பொருள் தேதியைத் தரவுத்தள சர்வரிடம் கேட்டு வாங்குவதாக இருந்தால் மேசையில் செய்த மாற்றம் எதுவும் உதவாது. அஷூர் எஸ்.க்யூ.எல். தரவுத்தளம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் இயங்கும். மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் வகையில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் உருவாக்கும்போது மட்டுமே, பிறகு மாற்ற முடியாது.

இணைய வழி

நடுத்தரப் பயனருக்கு 3 எம்.பி.பி.எஸ். என்பது தொடக்கக் கணக்கு. பத்துப் பேர் உள்ள டிப்போவுக்கு 30. இன்றைய ஃபைபர் இணைப்புக்கு இது பெரிதன்று. சிக்கல் அகலத்தில் இல்லை, அறுந்துபோவதில். இந்தப் பக்கத்தில் பிற்பகல் இடியும் மின்னலும் அன்றாடம். மரம் சாயும், கம்பம் சாயும், சாலை தோண்டுபவர் கேபிளையும் சேர்த்துத் தோண்டுவார். இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இராதீர்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டாவது வழி 4ஜி அல்லது 5ஜியாக இருப்பதே நல்லது. அதை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, மாதம் ஒரு முறை முதல் கேபிளை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் யு.பி.எஸ். வையுங்கள், மேகத்தில் மின்சாரம் இருந்து என்ன பயன், இங்கே பெட்டி அணைந்துவிட்டால்?

நுழைவுப் பாதுகாப்பு

மேசை இனி இணையத்தில் இருக்கிறது. பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயம். சொந்தக் கைப்பேசியில் நிறுவனத்தின் செயலியைப் போட மாட்டேன் என்று முகப்புக் கிராணி சொன்னால் அது அவருடைய உரிமை. அவருக்கு ஒரு பாதுகாப்புச் சாவியை வாங்கிக் கொடுங்கள். பொதுவான லாகின்களை இந்தக் கட்டத்தில் ஒழித்துவிடுங்கள். தொலைவிலிருந்து விண்டோஸ் கணினிக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், சோதனைக்காக ஐந்து நிமிடம்கூட.

சோதனைக் குழுவும் மாற்றும் நாளும்

சோதனைக் குழுவில் ஐ.டி. பிரிவினரைப் போடாதீர்கள், அவர்கள் குறையைத் தாங்களே சரிசெய்துகொண்டு உங்களிடம் சொல்ல மறந்துவிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளமான, வேலையில் கெட்டிக்காரரான ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டும். இரண்டு வாரமாவது அவர்கள் முழு வேலையையும் புதிய மேசையில் செய்யட்டும், அதில் ஒரு மாத முடிவு கட்டாயம் அடங்கட்டும்.

மாற்றும் நாளை மாத முடிவுக்கும் சம்பள நாளுக்கும் அருகில் வைக்காதீர்கள்; தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரமும் வேண்டாம்; பழம் குவியும் பருவமும் வேண்டாம். ஒவ்வொரு டிப்போவாக நகருங்கள், சிறியது முதலில். ஒவ்வோர் இடத்திலும் முதல் நாள் காலை ஆறரைக்கே உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். தொலைபேசியில் உதவுவது இரண்டாம் நாளிலிருந்து. பழைய மேசைகளை ஒரு மாதம் அணைக்காமல் வையுங்கள், ஆனால் உள்ளே எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் பழையதிலும் பாதிப் பேர் புதியதிலும் கோப்புகளைச் சேமித்து, எது உண்மையான பிரதி என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பயிற்சிக்கு நீண்ட கையேடு எழுத வேண்டாம். ஒரு பக்கத் தாளில் தமிழிலும் மலாயிலும் நான்கு விஷயம் போதும், அவற்றில் முதலாவது இதுவாக இருக்கட்டும்: மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம்தான் மூடும், மேசை மேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், வேலை முடிந்தால் 'சைன் அவுட்' கொடுக்க வேண்டும். விளக்கை அணைக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்குச் சமம் அது. மறப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். இரண்டு மணி நேரம் ஆள் இல்லாத அமர்வைத் தானாக முடிக்கும் கொள்கையையும் போட்டுவிடுங்கள்.

மாற்றிய பிறகு

பொறியை முறைப்படி விடுவித்து நிறுத்தினால் அதன் ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை, வட்டுக்கு மட்டும்தான்; விண்டோஸுக்குள்ளிருந்து அணைத்தால் மட்டும் போதாது, சில சேவைகளில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே காலை ஆறு மணிக்கு எழுப்பி, மாலையில் ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்பும் தானியங்கி அட்டவணையை அமையுங்கள். அதில் வார இறுதியைக் கவனியுங்கள்: ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளி, சனி. கெடாவில் கிளை இருந்து, ஜொகூரின் அட்டவணையையே அங்கும் போட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுக்குப் பொறி எதுவும் விழித்திருக்காது. எந்நேரமும் ஓட வேண்டிய பொறிகளுக்கு மட்டும், இரண்டு மூன்று மாதப் பயன்பாட்டைப் பார்த்த பிறகு, ஓராண்டு அல்லது மூன்றாண்டு முன்பதிவு வாங்குங்கள். முதல் மாதத்திலேயே வாங்கினால் தேவையற்ற அளவுக்குக் கட்டுப்பட்டுவிடுவீர்கள். முதலாளிக்குக் காட்டும் செலவுக் கணக்கில், 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உள்ள சேவை வரியைச் சேர்க்க மறவாதீர்கள். கட்டணம் அமெரிக்க டாலரில் வருமானால் ரிங்கிட்டின் ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பழைய சர்வர் அறை. வருமான வரிக்கான பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய தரவுத்தளத்தைத் திறந்து படிக்கக்கூடிய வடிவில் ஒரு பிரதி எடுத்து, உண்மையிலேயே திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் பார்த்துவிட்டு, பிறகு வட்டுகளை முறைப்படி அழித்து அழிப்புச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இரும்பு வாங்குபவரிடம் வட்டோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். ஓட்டுநர்களின் அடையாள அட்டைகள் அதில் இருக்கின்றன. கழற்றிய பழைய கணினிகளில் சீரியல் போர்ட் உள்ள இரண்டை மட்டும் தூசி தட்டி, தராசு மென்பொருளை நிறுவி, எந்தக் கொட்டகைக்கு உரியவை என்று எழுதி ஒட்டி, அலமாரியில் வையுங்கள்.